சைரன் பெட்டிக்கு ஒரு மெஷின்

"இதுவும் எழும்பலையா, பாஸ்?"

ரெங்கசாமி எட்டிப் பார்த்தார். கிள்ளானில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் அவர் கடை மேசையில் மூன்றாவது குட்டி மெஷின் பிரிந்து கிடந்தது. சிவேந்திரன் பவர் பட்டனை மறுபடி அழுத்தினான். திரை கறுப்பு. அவன் முகமும் கிட்டத்தட்ட அதே நிறம்.

மணி ஐந்து. கேரி தீவில் கடல் ஏற்றத்தின் உச்சம் ஆறு மணிக்கு.

அங்கே கடல் தடுப்புக் கரையில் சிவேந்திரன் மாட்டிய ஒரு சைரன் பெட்டி. தண்ணீர் ஏறினால் அலற வேண்டியது. சோலாரில் ஓடுவதால் பத்து வாட்டுக்கு மேல் தின்னாத மெஷின்தான் சரிப்படும். பழைய மெஷினும் அப்படித்தான். ஆனால் மழை நாளில் பேட்டரி செத்துப் பிழைத்தால், 'ஏதாவது ஒரு கீயை அழுத்து' என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். ஆளில்லாத கரையில் யார் அழுத்துவது? போன மாதம் சைரன் வாயே திறக்கவில்லை. கரையோரம் குடியிருக்கும் வீரம்மா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். சர்க்கரை வியாதியில் இரண்டு காலையும் இழந்த அவள் கணவரைப் பக்கத்து வீட்டு பிரவின்தான் கடைசி நிமிஷத்தில் தூக்கினான்.

மெஷினை எழுப்பும் முதல் நிரல் கம்பெனியின் சொத்து, திருத்த முடியாது. அதை அழித்துவிட்டு, யாரும் திறந்து திருத்தக்கூடிய இலவச நிரலை ஏற்றினால், கரண்ட் வந்ததும் மெஷின் கேள்வி கேட்காமல் எழும். அதற்கு ஒத்துவரும் மாடல்களின் பட்டியல் இணையத்தில் இருந்தது. அதே மாடல் மூன்று ரெங்கசாமியிடம். சிவேந்திரன் பிரிக்பீல்ட்ஸில் தன் வீட்டில் இருந்தபடியே போனில் பேசி முடித்தான். அந்தத் தெம்பில் இன்று காலையே தீவுக்குப் போய்ப் பழையதைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டான்.

"மாடல் அதேதானே பாஸ்? ஒரிஜினல் லா!"

"அதேதான் அண்ணே. ஆனா இது பின்னால வந்த லாட். கம்பெனி முத்திரை இல்லாத நிரலை எழும்ப விடாது. அந்தப் பூட்டைச் சிப்புக்குள்ளயே எரிச்சி வச்சிட்டான்."

"மாத்த முடியாதா?"

"எரிச்சது எரிச்சதுதான்."

வெளியே சாலை நெரிசலில் லோரிகள் அசையாமல் நின்றன. பழையதைத் திரும்ப மாட்டப் போனாலும் ஒன்றரை மணி நேரம். போனில் வீரம்மாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, இன்னிக்கு சைரன் அடிக்காது. அண்ணனை இப்பவே மேட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும்."

"என்னா தம்பி, காலையில புது மெஷின் வருதுன்னீங்க?"

"வரல அக்கா. தப்பு என்னோடது. பிரவினைக் கூப்பிடுங்க!"

வேலிக்கு ஓடும் செருப்புச் சத்தம். "பிரவின்! தண்ணி வருதாம்டா, வா லா!"

டிவி இரைச்சலுக்கு நடுவே பிரவின் குரல். "யாரு சொன்னா, வாட்சாப்பா? சைரன் அடிக்கட்டும் அக்கா, வரேன். சைரன் மாட்டின பிரிக்பீல்ட்ஸ் அண்ணனே சொல்லியிருக்காரு, சைரன் அடிக்காம யாரும் ஓடாதீங்கன்னு."

"பிரவின், நான்தான் பேசுறேன்!" சிவேந்திரன் கத்தினான். ரெங்கசாமிக்குத்தான் கேட்டது.

"தம்பி..." வீரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "வாசல்ல தண்ணி ஏறுது. நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்?"

போனை எங்கோ வைத்துவிட்டாள். சக்கர நாற்காலி எதிலோ இடித்தது. அவள் கணவர் ஏதோ சொன்னார். பிறகு பாரம் சுமந்த கால் தண்ணீருக்குள் இறங்கும் சத்தம்.

"அக்கா? அக்கா!"