மூன்று மணிக்கு ஏறிய கோடு

எங்கள் துறையில் ஓட்டெடுப்பு என்ற பழக்கமே கிடையாது. எந்த விஷயமானாலும் எல்லோரும் கூடி உட்கார்ந்து, கடைசி ஆள் தலையாட்டும்வரை பேசுவோம். வராந்தாவில் என்ன நாற்காலி போடுவது என்பதற்கே ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம். ஸ்வீடன் முழுக்க இப்படித்தான், இதில் எல்லோருக்கும் பெருமை வேறு. எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

இந்த முறை பேச்சு ஒரு மென்பொருளைப் பற்றி. எல்வ்ஸ்டா மருந்தியல் கல்லூரியில் நான் பார்மகோகைனடிக்ஸ் நடத்துகிறேன். விழுங்கிய மருந்து உடம்பில் எப்போது ஏறுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எப்போது இறங்குகிறது என்று கணக்குப் பார்க்கிற பாடம். மருந்துக்கடையில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு இதைவிட முக்கியமான பாடம் இல்லை என்பது என் கட்சி. பிள்ளைகளோ முதல் சமன்பாட்டைப் பார்த்ததுமே முகம் வெளுத்துப்போகிறார்கள். போன வருடம் பாதி வகுப்பு தேறவில்லை.

துறைத்தலைவி மெர்த்தா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். மெர்த்தா கத்தமாட்டாள். அவள் மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"ஹில்லெவி, உன்மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா பிள்ளைங்களுக்குப் புரியணுமே. நல்ல மென்பொருளா ஒண்ணு பாத்து, நீயும் தோர்கெலும் பேசி முடிவு பண்ணுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எல்லாரும் ஒத்துக்கணும். இல்லைன்னா வெளியில பதிவு பண்ணி விக்கிற வீடியோ பாடத்தை வாங்கிப் போட்டுடலாம்."

"அப்ப நான்?"

"உனக்கா வேலை இல்ல? களிம்பு செய்யற பாடம் காலியாத்தான் இருக்கு."

களிம்பு! என்னிடமிருந்து வேறு எந்தப் பாடத்தைப் பிடுங்கினாலும் போகட்டும் என்று விட்டுவிடுவேன். இது என் உயிர். 

இதில் பெரிய தடங்கல் தோர்கெல்தான். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு இங்கே ஆசிரியராக வந்தவன். தங்கமான மனுஷன்தான், ஆனால் பிடித்தால் பிடித்த பிடி. கம்பெனிகளில் ஓடுகிற அந்தப் பிரம்மாண்டமான மென்பொருள்தான் வேண்டும் என்று நின்றான். அதற்கு நான் எல்க் மான் என்று பெயர் வைத்திருந்தேன். அதுவும் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், நடுரோட்டில் நின்றுகொண்டால் நகராது. நான் கேட்டது ஒரு சின்ன இலவச மென்பொருள். திரையில் ஒரு கோடு, கீழே இழுத்து நகர்த்த மூன்று நான்கு குமிழ்கள். மருந்தின் அளவைக் கூட்டினால் கோடு உயரும், உடம்பு மருந்தை வெளியேற்றும் வேகத்தைக் கூட்டினால் கோடு சரியும். அதற்குத் தோர்கெல் வைத்த பெயர் சிட்டுக்குருவி.

"பிள்ளைங்க நாளைக்கு வேலைக்குப் போனா எல்க்கைத்தானே பாக்கப்போறாங்க? இப்பவே பழகட்டும்" என்றான்.

"எல்லாருமா கம்பெனிக்குப் போறாங்க? முக்கால்வாசிப் பேர் மருந்துக்கடைக்குப் போறவங்கடா. உன் எல்க்குக்குக் கட்டளை எழுதக் கத்துக்கவே ஒரு மாசம் ஆவும். அப்புறம் நான் எப்பப் பாடம் நடத்துறது?"

"உன் குருவி வெறும் விளையாட்டுச் சாமான், ஹில்லெவி."

"விளையாடினா என்ன குடியா முழுகிடும்?"

இப்படியே பேசிப் பேசி ஒரு வாரம் ஓடிவிட்டது. கடைசியில் மெர்த்தாவே ஒரு வழி சொன்னாள். ஒரே அளவீடுகளை இரண்டு மென்பொருளிலும் போடுவது, பிள்ளைகள் முன்னாலேயே பார்த்து முடிவு செய்வது. அளவீட்டுக்கு எங்கே போவது? காபி இருக்கவே இருக்கிறது என்றேன் நான். காபியில் இருக்கும் கஃபீனும் ஒரு மருந்துதான். காலையில் ஆளுக்கு ஒரு கோப்பை குடித்துவிட்டு, மணிக்கொரு தரம் எச்சிலைக் குழாயில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தால், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். தோர்கெலுக்கும் இது பிடித்துப்போனது.

செவ்வாய்க்கிழமை சோதனை. முதல் நாள் மத்தியானத்திலிருந்து சோதனை முடியும்வரை, அந்த ஒரு கோப்பையைத் தவிர, யாரும் காபியைத் தொடக்கூடாது. தோர்கெல் அதில் போலீஸ்காரனாகிவிட்டான்.

"ஒரு சொட்டு காபி கூடாது. டீ கூடாது. சாக்லேட் கூடாது. எவனாவது திருட்டுத்தனமா குடிச்சா கோட்டுல தெரிஞ்சிடும், சொல்லிட்டேன்!"

சொன்னதோடு நிற்காமல், வராந்தாவில் இருந்த காபி இயந்திரத்தைச் சுற்றி மஞ்சள் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவைத்தான். கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது. பக்கத்துத் துறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளும் நாங்களும் வரிசையாக நின்று ஒரே அளவுக் கோப்பையில் குடித்தோம். நான், தோர்கெல், மெர்த்தா மூவரும் சோதனையில் சேர்ந்துகொண்டோம். அப்புறம் மணியடித்தால் எச்சில், மணியடித்தால் எச்சில். மூன்று மணிக்கு வழக்கம்போல ஃபீகா. வேலையை வைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பன் தின்று ஊர்க்கதை பேசுகிற நேரம் அது, பிரளயமே வந்தாலும் எங்களுக்குத் தவறாது. அந்த வாரம் பன் சுட்டுக் கொண்டுவரும் முறை தோர்கெலுடையது. ஏலக்காய் பன் செய்வதில் அவனை அடிக்க ஆள் கிடையாது, அதை நானே ஒப்புக்கொள்வேன். பிள்ளைகளையும் கூப்பிட்டுத் தட்டு தட்டாகக் கொடுத்து, தானே சுற்றிச் சுற்றி வந்து கவனித்தான். நான் அவனோடு எல்க்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே மூன்று பன் தின்றேன். பிறகு மறுபடியும் மணி, மறுபடியும் எச்சில், சாயங்காலம்வரை.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வகுப்பறை நிறைந்திருந்தது. மெர்த்தா முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்தாள். முதலில் எல்க். வகுப்பு மொத்தத்தின் அளவீடுகளையும் தோர்கெல் அதற்கு ஊட்டியிருந்தான். பெரிய திரையில் எண்கள் ஓடின, பக்கங்கள் புரண்டன, கடைசியில் வழுவழுவென்று ஒரு கோடு வந்து நின்றது. அடியில் விடை: உள்ளே போன கஃபீன் பாதியாகக் குறைய ஒன்பது மணி நேரம்.

"ஒன்பதா?" என்றேன். "எந்தப் புத்தகத்திலயும் அஞ்சுன்னுதானே இருக்கு?"

தோர்கெலின் கண்கள் பளபளத்தன. "அதான் விசேஷம்! நம்ம ஊர் ஆளுங்க ஈரல் மெதுவா வேலை செய்யுது. குளிர் காரணமா இருக்கலாம், இருட்டு காரணமா இருக்கலாம். ஹில்லெவி, இதை வச்சு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிடலாம்!"

மெர்த்தாவின் புருவம் உயர்ந்தது. கட்டுரை என்றால் அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். 

அடுத்து என் குருவி. பிள்ளைகள் ஆளுக்கொரு மடிக்கணினியில் அவரவர் அளவீட்டைப் போட்டு, குமிழை இழுத்துக் கோட்டைப் புள்ளிகளின்மேல் உட்காரவைக்க வேண்டும். இழுத்தார்கள், தள்ளினார்கள். கோடு உட்காரவில்லை. ஒருவர் இருவருக்கல்ல, யாருக்குமே உட்காரவில்லை.

"பாத்தியா? குருவிக்கு றெக்கை ஒடிஞ்சு போச்சு" என்றான் தோர்கெல்.

 களிம்புச் சட்டி என் கண்முன் வந்து போனது.

கடைசி வரிசையில் தூவா உட்கார்ந்திருந்தாள். போன வருடம் தேறாமல் மறுபடி வந்திருப்பவள். என் வகுப்பு முழுக்கக் கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டே இருப்பாள், பாடத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். அன்று பின்னல் ஊசிகள் மேஜையில் கிடந்தன, அவள் என்னைக் கூப்பிட்டாள். ஆசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது இங்கே வழக்கம்.

"ஹில்லெவி, இங்க வாங்களேன். மத்தியானம்வரைக்கும் புள்ளியெல்லாம் அழகா இறங்குது. நாலு மணிக்குத் திடீர்னு ஏறி நிக்குது. கோட்டை எப்படி இழுத்தாலும் ஏறமாட்டேங்குது."

"ஏறாதும்மா. ஒரு தடவை குடிச்சா ஒரு தடவைதான் ஏறும்."

"இங்க ரெண்டாவது டோஸ்னு ஒரு பட்டன் இருக்கே. அமுக்கிப் பாக்கட்டா?"

"அமுக்கித்தான் பாரேன். ஆனா நாம ஒரு கப்தானே குடிச்சோம்?"

அமுக்கினாள். இரண்டாவது டோஸைப் பன்னிரண்டு மணிக்கு வைத்தாள், கோடு பொருந்தவில்லை. ஒன்று, இரண்டு என்று நகர்த்தினாள். மூன்றுக்கு வந்ததும் கோடு எழுந்து, எல்லாப் புள்ளிகளின்மேலும் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

"மூணு மணி" என்றாள் தூவா.

"எனக்கும் மூணுதான் வருது!" என்றது ஒரு குரல். "எனக்கும்!" என்றது இன்னொன்று.  யாரோ மெதுவாக, "ஃபீகா" என்றார்கள்.

தூவாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அது ஃபீகாதானே! காபி எங்க குடிச்சோம்?"

சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்பறை கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தது. ஒருத்தரும் ஏமாற்றவில்லை, அதுதான் வேடிக்கை. மஞ்சள் நாடாவைத் தாண்டி ஒருவர்கூட இயந்திரத்தைத் தொடவில்லை. பன் வந்தது, கூடவே காபிக் கோப்பை வந்தது, கை தானாக வாங்கிக்கொண்டது. ஃபீகாவில் குடிப்பதை இந்த ஊரில் யார் காபி என்று கணக்கில் வைக்கிறார்கள்?

நான் திரும்பித் தோர்கெலைப் பார்த்தேன். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது.

"ஏன்டா, நீதானேடா வீட்டுலேர்ந்து கொண்டுவந்த பிளாஸ்க்கைத் தூக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்து ஊத்தின!"

"நான்... பன்னுக்குத் தொட்டுக்கத்தானே ஊத்தினேன்" என்றான் தோர்கெல். காது மடல்வரை சிவந்துவிட்டான்.

"குளிராம், இருட்டாம், ஈரலாம்! எழுதுடா உன் கட்டுரையை!"

"ஹில்லெவி," என்றாள் மெர்த்தா மெதுவாக, "உன்னோடதையும் கொஞ்சம் போடேன்."

போட்டேன். மூன்று மணிக்கு என் கோடு மற்ற எல்லோருடையதையும்விட உயரத்தில் ஏறி நின்றது. ஃபீகாவில் நான் குடித்தது இரண்டு கப். தோர்கெல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான், நானும் மூச்சுமுட்டச் சிரித்தேன். மெர்த்தா தன்னுடையதைக் காட்டவே மாட்டேன் என்றுவிட்டாள்.

சிரிப்பு அடங்கியபோது தோர்கெல் எல்க்கின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். "என் எல்க்கும் சொல்லியிருக்கு. சாயங்கால அளவுகள் பொருந்தலைன்னு இதோ இருக்கு பாரு."

"எங்க?"

"பின்னாடி ஒரு பக்கத்துல. அடிக்குறிப்புல." அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மெர்த்தா எழுந்தாள். குருவியே இருக்கட்டுமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிள்ளைகளின் தலைகள் ஆடின. என் தலை எப்போதோ ஆடிவிட்டது. தோர்கெல் மட்டும் ஆட்டவில்லை. எங்கள் வழக்கப்படி அந்த ஒரு தலை ஆடாவிட்டால் என் பாடம் போய்விடும். அவனுக்கும் அது தெரியும்.

"பிள்ளைங்க நல்லாச் சிரிச்சாங்க, சரி," என்றான். "படிச்சாங்களா?" நேராகக் கடைசி வரிசைக்குப் போனான். "தூவா, அரை ஆயுள்னா என்ன?"

 போன வருடத் தேர்வில் இதே கேள்விக்கு வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனவள் இவள்.

தூவா சமன்பாட்டைத் தேடவில்லை. திரையில் இருந்த தன் கோட்டின்மேல் விரலை வைத்தாள். "மூணு மணிக்குக் குடிச்சேன். ராத்திரி எட்டு மணிக்கு அதுல பாதி எனக்குள்ளயேதான் இருக்கு. ராத்திரி ஒரு மணிக்கு அந்தப் பாதியில பாதி. அதான் அன்னிக்குத் தூக்கமே வரல. புரண்டு புரண்டு படுத்துட்டு, எழுந்து ஒரு கையுறையையே பின்னி முடிச்சேன்."

தோர்கெல் குனிந்து அவள் கோட்டைப் பார்த்தான். அவளே தொடர்ந்தாள். "நாளைக்குக் கடையில ஒருத்தர் வந்து தூக்க மாத்திரை கேட்டா, டக்குனு எடுத்துக் குடுக்கமாட்டேன். எத்தனை மணிக்குக் கடைசியா காபி குடிச்சீங்கன்னு கேப்பேன். குடிக்கலைன்னு சொல்வாங்க. அப்ப, ஃபீகாவுல?ன்னு கேப்பேன்."

 இத்தனை வருடம் நான் பலகை முழுக்க எழுதிச் சொல்ல நினைத்தது இதைத்தான். சந்தோஷத்தில் கண் கரித்தது, மூக்கைச் சிந்துகிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

தோர்கெல் நிமிர்ந்தான். பிறகு தலையாட்டினான். சும்மா பேருக்கு இல்லை, நன்றாக மேலும் கீழும்.

"ஆனா கடைசி வருஷப் பிள்ளைங்களுக்கு என் எல்க் வேணும்" என்றான் என்னிடம்.

"கொண்டுவாடா. அடிக்குறிப்பை எல்லாம் முன்பக்கத்துல போட்டுக் கொண்டுவா."

மெர்த்தா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று. தோர்கெல் பைக்குள்ளிருந்து பிளாஸ்க்கை வெளியே எடுத்தான், மூடியில் கைவைத்தவன் அப்படியே நின்று எங்களைப் பார்த்தான்.

"ஊத்தலாமா?"

"ஊத்து!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. தூவா முதல் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து, தன் மடிக்கணினியில் ஒரு புதிய டோஸை மூன்று மணிக்கு வைத்துவிட்டு, அப்புறம்தான் குடித்தாள்.