ஏழாம் எண் அறையின் நீளம்

அந்தப் பள்ளிக்கூடத்தின் ஏழாம் எண் அறை ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான்கு அடி நீண்டிருந்தது. கொத்தனார் யாரும் வரவில்லை, ஒரு செங்கல்கூட இறங்கவில்லை. நீண்ட பகுதியிலும் பழைய சுண்ணாம்பும் பழைய கறையும்தான் இருந்தன. முந்தைய நாள் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண் பிள்ளை அங்கே சேர்ந்திருந்தாள். நாற்காலி வட்டமடித்துத் திரும்ப நான்கு அடி குறைவாக இருந்தது. தலைமை ஆசிரியர் டேப் பிடித்து இரண்டு தடவை அளந்துவிட்டு, "சரி, பெருக்குற அம்மாவுக்கு வேலை கொஞ்சம் கூடும்," என்றார்.

அது மற்ற வகுப்புகளில் உட்கார முடியாமல் தவித்த பிள்ளைகளுக்கான அறை. நடத்தியவர், எல்லோரிடமும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே மெதுவா டீச்சர் என்று பெயர் வாங்கியவர். ஒரு பிள்ளையைச் சேர்க்கும் முன் சில நாள் அதனோடு வராந்தாத் தரையில் உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். பாடம் கிடையாது, கேள்வி கிடையாது. எது பயமுறுத்துகிறது, எது பிடிக்கிறது என்று பார்ப்பார், அவ்வளவுதான். சும்மா உட்காரச் சம்பளமா என்று முணுமுணுத்த ஆசிரியர்கள் உண்டு. நம்மைக் கேட்டால் இரட்டைச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பிள்ளை உள்ளே வரும்போது அறை அதற்கு வேண்டிய அளவு வளர்ந்துகொண்டது. சத்தம் தாங்காத பையனுக்குத் தடித்த சுவரோடு ஒரு மூலை வந்தது. வெளிச்சத்தில் கண் கூசும் இரட்டைச் சகோதரிகளுக்காக ஜன்னல் தானே வடக்குப் பக்கம் நகர்ந்துகொண்டது. மூன்று வருடத்தில் எட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். தெருவிலிருந்து பார்த்தால் கட்டடம் அதே அளவுதான்.

ஒன்பதாவதாக வந்தவள் தையல்காரம்மாவின் மகள். கதவைச் சாத்தினால் போதும், உதறிக்கொண்டு ஓடிவிடுவாள். வண்டி, பள்ளம் எதையும் பார்க்கமாட்டாள். அதனால் சிட்டு என்று பெயர். நான்கு பள்ளிகள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தன. அந்த நான்கு பள்ளி வாசலிலும் அம்மாக்காரி ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் கதவிலுமாகப் பட்டன் தைத்தபடி காவல் இருந்தாள். மிஷின் வேலையெல்லாம் இரவுக்குப் போனது, தூக்கம் அடியோடு போனது.

"இதையும் விட்டா கேக்கறதுக்கு வேற பள்ளிக்கூடம் இல்ல டீச்சர்," என்றாள். கதவைத் திறந்தே வைக்கலாம் என்றால் வராந்தா இரைச்சலில் அந்தச் சத்தம் தாங்காத பையன் தன் மூலையிலும் துடித்துப்போவான். டீச்சர் யோசித்தார்.

அதற்குள் அறை வளரும் செய்தி கல்வி அலுவலகத்துக்கு எட்டியது. செலவில்லாமல் கட்டடம் என்றதும் அங்கே எல்லோருக்கும் வாயெல்லாம் பல். இடம் கேட்டுக் காத்திருந்த இருபத்திரண்டு பெயர்களையும் ஒரே நாளில் பதிவேட்டில் ஏற்றி, மறுநாளே அளக்க ஆள் அனுப்பினார்கள். அறை ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

"பேரை எழுதினா எப்படி சார் வளரும்?" என்றார் டீச்சர். "அந்தப் பிள்ளைங்க யாருன்னே இன்னும் தெரியாதே."

அலுவலகத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். அறை வளர்ந்தது வெறும் வதந்தி, எட்டுப் பேருக்கு மேல் அனுமதி இல்லை, வெள்ளிக்கிழமை மறுபடி அளந்ததும் ஆணை வரும் என்று கடிதம் போட்டது. சிட்டுவுக்கு இருந்தது நான்கே நாள்.

டீச்சர் வழக்கம்போல் தரையில் உட்கார்ந்தார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சிட்டு தெரு வரைக்கும் ஓடினாள், அவரும் பின்னால் ஓடினார். அந்த வயதில் அந்த உடம்போடு அவர் ஓடிய ஓட்டத்துக்குக் கும்பிடு போட வேண்டும். மூன்றாம் நாள் தெருவாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தபோது ஒன்றைக் கவனித்தார்: திறந்த வாசல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை நகர்வதே இல்லை.

"இவளுக்கு வெளிய போகணும்னு இல்லம்மா," என்றார் தையல்காரம்மாவிடம். "போக முடியும்னு தெரிஞ்சா போதும்."

வெள்ளிக்கிழமை காலை அறையின் பின்சுவரில் கதவில்லாத ஒரு வாசல் இருந்தது. சுற்றுச்சுவர் வைத்த, சத்தமே இல்லாத பின்முற்றத்துக்கு அது திறந்தது. வாசற்படி நாற்பது வருடம் மிதிபட்டதுபோல் தேய்ந்திருந்தது. அளக்க வந்தவர் டேப்பைப் பிடித்தபடி நிற்க, சிட்டு அந்த வாசல் வழியாக ஒரு தடவை வெளியே போனாள், திரும்பி வந்தாள், உட்கார்ந்தாள். முன்கதவைச் சாத்தினார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள். அளக்க வந்தவர் "வாசல் ஒன்று, கதவு இல்லை, பழையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து விழுந்துவிட்டதால் அலுவலகமும் நம்பியது. அந்த இருபத்திரண்டு பிள்ளைகளோடும் தரையில் உட்கார, பிற்பாடு மூன்று ஆசிரியர்களை நியமித்தது. எட்டாம் எண் அறையும் ஒன்பதாம் எண் அறையும் வளரத் தொடங்கின. படிவத்தில் "நீளம்" என்ற இடத்தில் "இன்றைய நீளம்" என்று அச்சடித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியர், தையல்காரம்மா காவல் இருந்த பள்ளி முன்வாசலுக்கு மூச்சிரைக்க வந்தார். "அம்மா, பின்சுவர்ல புதுசா ஒரு வாசலே வந்திருக்கு!"

தையல்காரம்மா ஊசியிலிருந்து நிமிர்ந்தாள். "பாப்பா உள்ள இருக்காளா சார்?"

"இருக்கா. உக்காந்திருக்கா."

"எத்தன மணிக்கு விடுவீங்க?"

"மூணுக்கு."

அவள் துணியை மடித்துப் பையில் வைத்தாள். வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் பாயில் சாய்ந்து, மூன்று மணி வரைக்கும் தூங்கினாள்.