பொருளாதாரச் சேதநிலை

அம்மாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஸ்ரீலக்ஷ்மி துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் மறுபடி அடித்தது. அப்பா எடுத்து மலையாளத்தில் பேசினார்.

“ஆரு, ஷிபுவோ? வாழையில் எத்தற புழு கண்டு? ரெண்டோ? ரெண்டு ஸாரமில்ல. மருந்து அடிக்கண்டா. நோக்கியிரு.”

இரண்டு புழுவுக்கெல்லாம் மருந்து வேண்டாம், பார்த்துக்கொண்டிரு. மலையோர ஊரான வித்துராவில் வாழை போட்டிருக்கும் விவசாயி ஷிபுவுக்கு நிம்மதி. பெண்டாட்டி செத்துக் கூடத்தில் கிடக்கிறாள் என்று அப்பா சொல்லவில்லை.

அப்பா, டாக்டர் நாகேஸ்வரன், பூச்சியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், வாய்க்கு இல்லை. வானொலியில் பேசுவார், விவசாயிகளுக்கு வகுப்பெடுப்பார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கும் எடுப்பார். எல்லா வகுப்பிலும் பாடம் ஒன்றுதான்: பொருளாதாரச் சேதநிலை. பூச்சி செய்யும் சேதத்தைவிட மருந்தின் செலவு அதிகமென்றால் பூச்சியை விட்டுவிடு. எண்ணிக்கை எல்லை தாண்டினால் மட்டும் கை வை. ‘பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்கிறவன் பயந்தாங்கொள்ளி’ என்ற அவருடைய பொன்மொழியைப் பல்கலைக்கழகத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் கீழே அவர் பெயர் சிறிதாக. கல்லைத் திறந்துவைத்தவர் பெயர் பெரிதாக.

பல்கலைக்கழகக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். முன்னால் மஹேஷ், அப்பாவின் பழைய மாணவர், இன்றைய துறைத் தலைவர். அம்மாவின் காலடியில் மலர்வளையத்தை வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். மைக் எங்கே என்று அவர் கண் ஒரு சுற்றுத் தேடியதை ஸ்ரீலக்ஷ்மி பார்த்தாள்.

“மேடம் நம்ம டிபார்ட்மென்டுக்கே அம்மையாக்கும். ஸாரோட ஓரோ ஆராய்ச்சிக்குப் பின்னாலயும் மேடம் கொடுத்த காப்பி உண்டு...”

பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே பின்வரிசையில் இருவர் குனிந்து மலர்வளையத்தின் பூவொன்றை வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பார்த்தார்கள். தாளில் என்னவோ ஊர்ந்தது.

“இலைப்பேன்,” என்றார் ஒருவர்.

“எண்ணு,” என்றார் அப்பா, அம்மாவின் தலைமாட்டிலிருந்து.

அவ்வளவுதான், தெருவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீனிவாசன் துக்கம் விசாரிக்க வந்தவர்தான். ஆனாலும் சட்டைப் பையில் இலை சுருண்ட கறிவேப்பிலைக் கொத்து ஒன்று இருந்தது.

“நேரம் சரியில்லதான், கேட்டேளா. ஆனா இத்தனை நிபுணாளும் ஒரே எடத்துல இனி எப்போ சேருவா?”

அடுத்த துக்கத்துக்கு, என்று ஸ்ரீலக்ஷ்மி நினைத்துக்கொண்டாள்.

பின்னாலேயே ஒரு மாமி புழு குடைந்த கத்தரிக்காயோடு வந்தாள். நிபுணர்கள் வட்டமாக நின்றார்கள். ஒவ்வொன்றுக்கும் நொடியில் நோயின் பெயர் வந்தது. தொலைவிலிருந்து இலையின் நிறத்தைப் பார்த்தே வேரில் என்ன என்று சொல்லிவிடுகிற கூட்டம். அப்பா ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னார்: “பதறாதேங்கோ. பாத்துண்டே இருங்கோ.”

இதே கூடத்தில், போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அப்பா வானொலிப் பேச்சுக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள்.

“ஏன்னா, மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்கு.”

“எவ்வளவு பெரிசு?”

“பட்டாணி அளவு இருக்கும்.”

“வலிக்கறதோ?”

“இல்லை.”

“பின்னே என்ன? பாத்துண்டே இரு. எல்லை தாண்டட்டும்.”

இதை அப்பா பிறகு வகுப்புகளில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறார். ஸ்ரீலக்ஷ்மியே ஒருதரம் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டாணி நெல்லிக்காயாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எல்லை தாண்டி வெகுநாளாகிவிட்டது என்று டாக்டர் வேறு வார்த்தைகளில் சொன்னார். அன்று அப்பா எதுவும் சொல்லவில்லை. அன்று மட்டுமில்லை, இன்றுவரை.

ஸ்ரீலக்ஷ்மிக்கு வேண்டியது ஒரு வார்த்தை. அம்மாவைத் தூக்குவதற்குள் அவள் முகத்தைப் பார்த்து அப்பா ஏதாவது சொல்ல வேண்டும். ‘தப்பு’ என்று வேண்டாம். வெறுமனே அவள் பெயரை, ‘விஜயம்’ என்று சொன்னால்கூடப் போதும்.

“வாய்க்கரிசி போடறவா வாங்கோ,” என்றார் சடங்கு நடத்திய வாத்தியார். “மயானத்துல நேரம் குறிச்சிருக்கு. வண்டி வாசல்ல நிக்கறது.”

சமையலறை டப்பாவிலிருந்து யாரோ தட்டில் அரிசி கொண்டுவந்தார்கள். எல்லோரும் போட்டார்கள். கடைசியாக அப்பா. குனிந்தார். முகம் அம்மாவின் முகத்துக்கு வெகு அருகில் போயிற்று. உதடு அசைந்தது.

“வண்டு,” என்றார் அப்பா.

அவர் உள்ளங்கை அரிசியில் கறுப்பாக ஒன்று நகர்ந்தது. அம்மா படுத்ததிலிருந்து டப்பாவில் வேப்பிலை போட ஆளில்லை.

“ஒண்ணுதானே, தட்டிவிட்டுப் போடுங்கோ ஸ்வாமி,” என்றார் வாத்தியார்.

அப்பா தட்டிவிடவில்லை. கட்டைவிரல் நகத்தால் வண்டை நசுக்கினார். அங்கேயே உட்கார்ந்து, கையிலிருந்த அரிசியைத் தட்டிலேயே கொட்டிப் பரப்பித் துழாவினார். இன்னொன்று. அதையும் நசுக்கினார்.

“ஸார்,” என்று மஹேஷ் தோளைத் தொட்டார். அப்பா கையை உதறினார்.

ஸ்ரீலக்ஷ்மி அவர் அருகில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“ரெண்டுதானே அப்பா? பாத்துண்டே இருக்கலாமே. எல்லை தாண்டட்டும்.”

ஸ்ரீனிவாசன் கறிவேப்பிலையை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்பா நிமிரவில்லை. அவர் விரல் அரிசிக்குள் தேடிக்கொண்டேயிருந்தது, ஒவ்வொரு மணியாக. வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மடியில் போன் அலறியது. அவர் எடுக்கவில்லை. அடித்து அடித்து அது ஓய்ந்தது.

“மாமி, நீங்களாவது சொல்லுங்கோ, நாழியாறது,” என்றார் வாத்தியார் ஸ்ரீலக்ஷ்மியிடம்.

அவள் தட்டை அப்பாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“நன்னாத் தேடுங்கோ அப்பா,” என்றாள். “இன்னும் இருக்கும்.”

அவர் தேடினார்.