நான்கு மாடி ஏறிய அக்கா

பதினாறு வயதில் உளவுப் பிரிவில் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். மூன்று சுவர் தாண்டி ஒருவர் எச்சில் விழுங்கினாலும் அவளுக்குக் கேட்கும். அதனால் பிரிவில் எல்லோருக்கும் அவள் 'பாம்புக்காது'. அவளுடைய வண்டியை ஓட்டுவது சொந்த அக்கா. அக்காவுக்கு எந்த அதிசய சக்தியும் கிடையாது.

அன்று காலை, நகரத்தின் ஓட்டுநரில்லாப் பேருந்துகள் அத்தனையையும் ஆட்டிவைக்கும் கணினிச் சில்லை எவனோ திருடிவிட்டான். ஒரு ஹோட்டலின் நான்காம் மாடியில் நண்பகலில் அது கைமாறப்போவதாகத் தகவல். ஆளின் முகம் தெரியாது. ஆனால் அந்தச் சில்லு கொசுவைப்போல் மெல்ல ரீங்கரிக்கும். அது அவள் காதுக்கு மட்டுமே எட்டும்.

படுக்கை விரிப்பு மாற்றும் பெண்ணாக, தள்ளுவண்டியோடு அவள் மேலே போனாள். பின்தெருவில் அக்கா காத்திருந்தாள். என்ன நடந்தாலும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது உத்தரவு.

"காலையில ஒரு வாய் கூடச் சாப்பிடல நீ," என்றது காதில் செருகியிருந்த கருவி.

"அக்கா, வேலையில இருக்கேன்."

"வேலை செஞ்சா வயிறு நிறைஞ்சிருமா?"

அப்போதுதான் ரீங்காரம் கேட்டது. ஒவ்வொரு கதவாக நின்று அவள் காது கொடுப்பதை உள்ளிருந்து கதவுத் துளை வழியே பார்த்த திருடன், சட்டென்று அறையிலிருந்த தீ எச்சரிக்கைப் பொத்தானை அழுத்திவிட்டான். சங்கு அலறியது. மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். அவளுக்கோ மண்டைக்குள் ஆணி இறங்கியது. கண்களை இறுக மூடிக்கொண்டு தள்ளுவண்டிக்குப் பின்னால் சுருண்டு விழுந்தாள்.

தங்கையின் முனகலைக் கேட்ட மறுநொடி அக்கா இறங்கிவிட்டாள். லிஃப்ட் நின்றுவிட்டது. எல்லோரும் படியிறங்க, அவள் மட்டும் முட்டிமோதிக்கொண்டு ஏறினாள். மூச்சு வாங்கத் தங்கையை மடியில் சாய்த்து, இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்தினாள்.

"நான் வந்துட்டேன்டி. ஒண்ணுமில்ல."

அக்காவின் மார்பு படபடவென்று அடித்துக்கொள்வது கேட்டது. அதையே பிடித்துக்கொண்டு அவள் மூச்சை ஒழுங்குபடுத்தினாள். சங்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போனது. ஒரு கொசு ரீங்காரம் நெருங்கி வந்தது. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அக்கா... பழுப்பு ஷூ. குதிகால்ல இருக்கு."

கூட்டத்தோடு கூட்டமாக நழுவிக்கொண்டிருந்தவனின் குறுக்கே அக்கா காலை நீட்டினாள். அவன் குப்புற விழுந்தான். அவள் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

"அசையாதீங்க. நான் நல்லா வெயிட்டு."

மாலையில் பிரிவுத் தலைவர் எகிறிக் குதித்தார். "உத்தரவை மீறின டிரைவர் எனக்கு வேண்டாம். நாளையிலிருந்து வேற ஆள்."

பாம்புக்காது தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். "அப்ப எனக்கும் சேத்து வேற ஆள் பாருங்க, சார்."

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையை அவள் பக்கமே தள்ளினார். "ரெண்டு பேரும் வெளிய போங்க. ஒரு வாரம் லீவு. அந்தக் காதுக்கு ஓய்வு குடுங்க."

நடைக்கூடத்தில் அக்கா அவளை முறைத்தாள். "வேலையை விடுறேன்னு யாருடி உன்னைச் சொல்லச் சொன்னது?"

"நீ மட்டும் வண்டியை விட்டு இறங்கலாமா?"

அக்கா தங்கையின் தோளில் கையைப் போட்டு, உணவகம் இருக்கும் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.