செவ்வந்தி மாலை போட்ட இன்டர்கூலர்

கெலிஓயாவில் என் பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. போர்டைச் சொல்லிக் கேட்டால் கூட்டிக்கொண்டே வந்து விடுவார்கள். 'லெட்சுமணன் எஞ்சினியரிங் வேர்க்ஸ்' என்று மஞ்சளில் சிவப்பு எழுத்து. கம்பளை பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பாமலே படிக்கலாம். அந்தப் போர்டின் நடுவில் இருக்கிற சொல்லை அழிக்கச் சொல்லித்தான் ஒருத்தன் ஐந்து வருடமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

அவன் வேறு யாருமில்லை, என் மனைவி சந்திரிகாவின் தம்பி கணேஸ். கண்டியில் ஒரு பெரிய கார்க் கம்பெனியில் வேலை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காருக்குள் ஒரு வயரைச் சொருகி, கம்ப்யூட்டரில் என்ன நம்பர் வருகிறதோ அதை வாசித்துச் சொல்வான். டிப்ளோமா வைத்திருக்கிறான். அதைச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறான். நான் படித்ததெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில், மெஷினுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டுதான். கணேஸ் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்று போர்டைப் பார்த்து, எஞ்சினியர் ஐயா உள்ளே இருக்கிறாரா என்று என்னிடமே கேட்பான். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறும். சந்திரிகாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

சனியன், அழித்துத்தான் தொலைப்போமே என்று ஒரு நாள் பெயின்ட் டப்பாவைத் திறந்ததும் உண்டு. அன்றைக்குப் பார்த்து மகள் லோஜினி பள்ளிக்கூடப் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில், போர்டை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து, எஞ்சினியர் என்று எழுதி முடித்தாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் பல் டொக்டர் விவேகானந்தன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அம்பிட்டியவில் வீடு. ஐம்பது வயதுக்கு மேல் மனிதருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்திருக்கிறது. சிவப்பு நிறம், இரண்டே சீட், மடித்து வைக்கிற துணிக் கூரை. பார்த்தால் பாயப் போவது போல இருக்கும், மேடு ஏறத்தான் வக்கில்லை. அம்பிட்டிய ஏற்றத்தில் வெங்காய மூட்டை ஏற்றிய முச்சக்கர வண்டி ஒன்று தன்னை முந்திக்கொண்டு போனதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. பிறகு டிக்கியைத் திறந்து காட்டினார். இடிபட்ட வேறொரு காரிலிருந்து கழற்றிய சுப்பர்சார்ஜர் ஒன்று பழைய துவாயில் சுற்றியபடி கிடந்தது. கண்டிக் கம்பெனியில் கேட்டாராம். இதை இந்தக் காருக்குப் பூட்டவே முடியாது, பூட்டினாலும் சூட்டிலேயே எஞ்சின் செத்துவிடும் என்று வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அவர் பேர் என்ன என்று கேட்டேன். கணேஸ் என்றார்.

"சாவிய வச்சிட்டுப் போங்க டொக்டர்" என்றேன்.

சுப்பர்சார்ஜர் ஒன்றும் மாயமந்திரமில்லை. எஞ்சின் தானாக மூச்சு இழுக்கும்வரை காத்திராமல், பெல்ட்டில் சுற்றிக்கொண்டு காற்றை அதன் வாயில் திணிக்கும், அவ்வளவுதான். ஆனால் காற்றை நெருக்கினால் சுடும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பைத் தொட்டவர்களுக்கு அது தெரியும். சுடுகாற்று எஞ்சினுக்கு ஆகாது. அதனால் காரின் முன்வாயில் ரேடியேட்டர் மாதிரி ஒன்றை வைத்து, அந்தக் காற்றை அதற்குள் ஓடவிட்டு, எதிர்க்காற்றில் ஆறவைத்து அனுப்ப வேண்டும். அதற்குப் பேர் இன்டர்கூலர்.

சொல்ல ஐந்து நிமிடம். செய்ய இரண்டு மாதம் ஆனது. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்து, பிறகு அலுமினியத் தகட்டை வெட்டினேன். சுப்பர்சார்ஜரைத் தாங்குகிற பிரக்கட்டை மூன்று தடவை செய்தேன். முதலாவதில் பெல்ட் கழன்று ஓடியது, இரண்டாவதில் பொனட் மூடவில்லை. குழாய் போக இடமில்லாமல் பெட்டரியைத் தூக்கி டிக்கிக்கு அனுப்பினேன். கடைசியில் எல்லா வாயையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, சவர்க்காரத் தண்ணீரைத் தடவிப் பார்த்தால், ஒரு மூட்டில் ஒரே ஒரு குமிழி. கடுகளவு குமிழி. அந்த மூட்டை முழுக்க அறுத்தெறிந்துவிட்டுத் திரும்ப வெல்ட் பண்ணினேன். கசிந்தாலும் பரவாயில்லை என்று விடுகிற ஆள் நானில்லை.

கணேஸ் வந்து பார்த்தான். பொனட்டுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு மூட்டாக விரலால் தடவிப் பார்த்தான். அப்புறம் தலையை எடுத்து, அழகாய்த்தான் இருக்கிறது, ஆனால் சூடு ஏறும் என்றான். ஏறாது என்றேன். பேச்சு முற்றி, பந்தயத்தில் வந்து நின்றது. கலண்டர் தாளைக் கிழித்து அவனே விதிகளை எழுதினான். கடுகண்ணாவை ஏற்றத்தின் அடியில் புறப்பட வேண்டும், வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது. எஞ்சினுக்குள் போகிற காற்றின் சூட்டை நான் காருக்குள் பூட்டியிருந்த மீட்டர் காட்டும். மேலே, பாதை போவதற்காக மலையில் குடைந்த கல்லுக்கு வரும்போது அது அறுபது டிகிரிக்கு மேல் இருந்தால் நான் அந்தச் சொல்லை என் கையாலேயே அழிக்க வேண்டும். நான் ஜெயித்தால் என்ன என்று அவன் எழுதவில்லை. கோபத்தில் நானும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சந்திரிகா பூசை போடாமல் காரை நகரவிட மாட்டேன் என்று நின்றாள். நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய், முன்னால் சூடம், அதற்கு மேல் கண்டி கதிரேசன் கோயிலிலிருந்து கொண்டுவந்த செவ்வந்தி மாலை. கல்யாண மாப்பிள்ளைக்குப் போட்டாலும் கழுத்து வலிக்கும், அவ்வளவு தடிமன். அதைக் காரின் முகத்தில் கட்டச் சொன்னாள். நான் எதைக் கட்டினாலும் ஆடக் கூடாது, அது என் தொழில் புத்தி. இரண்டு நுனியிலும் கம்பி முறுக்கி, நடுவில் மூன்று இடத்தில் இறுக்கி, மடிப்பு மடிப்பாக இடைவெளியே இல்லாமல் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே கும்பிடத் தோன்றியது.

டொக்டரும் நானும் காரிலேயே மலையிறங்கி ஏற்றத்தின் அடிக்குப் போனோம். கணேஸ் மோட்டார் சைக்கிளில் வந்து, அதைத் தேத்தண்ணிக் கடையில் விட்டுவிட்டு, நடுவர் நான்தான் என்று என் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு சீட் காரில் மூன்றாவது ஆள் எங்கே போவது? இரண்டு மாதம் கண் முழித்துச் செய்தவன் நடுத்தெருவில் நின்றேன். நல்லவேளை, எங்கள் கெலிஓயா மக்கீன் நானா கடற்கரைப் பக்கமிருந்து மீன் ஏற்றிக்கொண்டு லொறியில் வந்தார். கையைக் காட்டினேன்.

"பின்னால ஏறுங்க தம்பி. முன்னுக்கு மாப்புள ஊட்டுத் தோரா இரிக்கி" என்றார்.

எட்டிப் பார்த்தேன். முன் சீட்டில் நாலடி நீளத் தோரா மீன் ஒன்று சாக்கில் சுற்றி, சீட் பெல்ட் போட்டுப் படுத்திருந்தது. கல்யாண வீட்டு ஓடராம், நசுங்கக் கூடாதாம். நான் பின்னால் ஏறி, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். லொறி முன்னால், டொக்டரின் கார் எங்களுக்குப் பின்னால். டொக்டர் துணிக் கூரையை மடித்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, சிங்கம் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது வளைவில் எல்லாருமே மாட்டிக்கொண்டோம். முன்னால் யாத்திரை பஸ் ஒன்று ஆமை வேகத்தில் ஊர்ந்தது. முந்த இடமில்லை. முச்சக்கர வண்டியைத் துரத்தப் புறப்பட்ட கார் மீன் லொறிக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நடந்தே வந்தது.

என் போன் அடித்தது. கணேஸ். மீட்டர் நாற்பத்தைந்து என்றான். சரி என்றேன். வைக்காமல் பேசிக்கொண்டே வந்தான். ஐம்பத்திரண்டு. அறுபது. அறுபத்தேழு. அப்புறம் குரலைக் குழைத்துக்கொண்டு,

"மச்சான், பெயின்ட் வீட்ல இருக்கா, இல்ல நானே வாங்கிட்டு வரவா?" என்றான்.

ஒரு மூட்டும் கசியவில்லை, அது எனக்கு நிச்சயம். பின்னே ஏன் ஏறுகிறது? காரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது காரின் முகத்தை அல்ல, மாலையை. இன்டர்கூலருக்குப் போக வேண்டிய காற்றை, ஊசி நுழைய இடமில்லாமல், ஐந்து இடத்தில் கம்பி போட்டு, நானே அடைத்து வைத்திருக்கிறேன். கடுகளவு குமிழிக்கு மூட்டை அறுத்த பெரிய எஞ்சினியர். தலையில் அடித்துக்கொண்டேன். நிறுத்தினால் தோற்றேன், நிறுத்தாவிட்டாலும் தோற்றேன். சாயங்காலம் லோஜினி போர்டைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வேன்?

"எழுபத்தொண்ணு" என்றது போன்.

ஐஸ் பெட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலை ஈரத் துணியில் சுற்றிக் கட்டுவார்கள். வெயிலிலும் குளுகுளு என்று இருக்கும். மாலையைக் கழற்ற முடியாது, ஆனால் நனைக்கலாமே. பெட்டியின் மூடியைத் தூக்கினேன். மக்கீன் நானாவின் பேசினை எடுத்தேன். மொண்டு வீசினேன்.

முதல் வீச்சு குறி தப்பி, கூரையில்லாத காருக்குள் நேராகப் போய் கணேஸின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. கோயில் மாலை மேல் சத்தியமாகச் சொல்கிறேன். இரண்டாவது வீச்சு மாலையில் அடித்தது. புஸ் என்று ஆவி கிளம்பியது. டொக்டருக்கு இது என் திட்டத்திலேயே உள்ள ஏற்பாடு என்று தோன்றியிருக்க வேண்டும். வசதியாகக் காரை இன்னும் கிட்டே கொண்டுவந்து கொடுத்தார். நான் மொண்டு மொண்டு வீசினேன். ஐஸ், தண்ணீர், அகப்பட்ட சாளை மீன், எல்லாம் போனது. மலையில் நடந்துபோன இரண்டு பேர் நின்று கும்பிட்டார்கள், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து.

போனில் கணேஸ் என் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தான். ஆனால் நம்பர் வாசிப்பது அவன் தொழில், பழக்கம் விடவில்லை. திட்டுக்கு நடுநடுவே அறுபத்தாறு, ஐம்பத்தெட்டு, ஐம்பது என்று தானாகவே வந்துகொண்டிருந்தது. குடைந்த கல்லுக்கு வந்தபோது நாற்பத்து மூன்று.

மேலே நிறுத்தினோம். கணேஸ் இறங்கினான். காலரில் ஐஸ், தலையில் செவ்வந்தி இதழ். இது செல்லாது, ஏமாற்று வேலை என்று குதித்தான். டொக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு சாளையை நிதானமாக எடுத்து வெளியே வைத்தார்.

"தம்பி, விதி எழுதினது நீர். தண்ணி ஊத்தக் கூடாதெண்டு நீர் எழுதேல்ல" என்றார்.

கலண்டர் தாளை எடுத்துப் பார்த்தோம். எழுதியிருக்கவில்லை. மக்கீன் நானா மட்டும் காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, மிச்ச மீனையாவது விட்டு வைத்தீர்களே என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மாலையால்தான் சூடு ஏறியது என்று சந்திரிகாவுக்குப் புரியவைக்க முக்கால் மணி நேரம் முயன்றேன். மாலைதானே நனைந்து காப்பாற்றியது என்று அவள் கேட்டாள். நான் சோற்றைத் தின்றேன். அடுத்த வாரம் மாலையைக் கழற்றிவிட்டு, இன்டர்கூலருக்கு முன்னால் சின்னக் குழாய் வைத்துத் தண்ணீர் தூவுகிற மாதிரி ஒழுங்காகச் செய்து கொடுத்தேன். டொக்டர் இப்போது வெங்காய முச்சக்கர வண்டியைத் தேடித் தேடி முந்துகிறார். அம்பிட்டியவில் அவர் காரை நிறுத்தினால் பூனைகள் சுற்றி உட்கார்ந்துவிடுகின்றன என்பது ஒன்றுதான் குறை.

ஒன்றரை மாதம் கழித்து, பொங்கலும் இல்லை தீபாவளியும் இல்லை, கணேஸ் வந்தான். புதுச் சட்டை. பின்னால் கம்பெனி வாடிக்கையாளர் ஒருத்தரின் பெரிய கார். அதற்கும் ஏற்றத்தில் சூடு ஏறுகிறதாம், கம்ப்யூட்டர் நம்பரை மட்டும் காட்டுகிறதாம், என்ன செய்வது என்று காட்டவில்லையாம். அந்தத் தண்ணீர்க் குழாய் வேலையை இதற்கும் செய்து தர முடியுமா என்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டான். முடியும் என்றேன். கம்பெனி ஜொப் கார்ட்டை எடுத்து, வேலை செய்யும் இடம் என்ற கோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன பேர் போடட்டும் மச்சான்?"

"போர்டப் பாத்து எழுது" என்றேன்.

அவன் வாசலுக்குப் போனான். லோஜினி படிவத்தோடு நின்ற அதே இடத்தில் நின்று, நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து, முழுப் பேரையும் எழுதினான்.