பின்பக்கச் சத்தம்

எங்கள் கிளைக்கு உரிய முதல் மரியாதையான காளாஞ்சித் தட்டைக் கோயிலில் வைத்துச் சிவகுருநாதன் கை நீட்டி வாங்கிய நாளிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சு இல்லை. சித்தப்பாவின் மகன், அன்புவழிபுரத்தில் அடுத்த வளவுக்காரன். பதினொரு வருடங்களில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கறிவேப்பிலை இணுக்குக்கூட வேலி தாண்டியதில்லை.

போன மாதம் என் மகன் கிருஷாந்த் அதைக் கெடுத்தான். துறைமுகத்தில் மின்வேலை பார்க்கிறவன், தன் கையால் ஒரு சோடி ஸ்பீக்கர் செய்தான். இடுப்பளவு உயரத்தில் இரண்டு பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத் துளை, அதில் எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. அடித்தொண்டையும் உச்சக்குரலும் அந்த ஒன்றிலேயே வருமாம். பின்னால் காந்தம், கம்பி எல்லாம் வெளியே தெரிந்தன.

"பெட்டி எங்கை?" என்றேன்.

"பெட்டி இல்லையப்பா. திறந்த பலகைதான். முன்னுக்கு வாற சத்தம் பின்னுக்கும் அப்பிடியே போகும்."

பெட்டி செய்ய வக்கில்லாத வீடு என்று வருகிறவர்கள் நினைக்கமாட்டார்களா? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: சிவகுருநாதனின் வளவைப் பார்த்த சன்னலுக்கு முன்னால் பலகைகளை நிறுத்தி நாதஸ்வரம் போட்டபோது வித்துவான் விறாந்தையில் வந்து நிற்பது போல இருந்தது.

மூன்றாம் நாள், வீடு வீடாக முட்டை விற்கும் ஆமினா உம்மா வந்தார்.

"ஐயா, உங்கட தம்பி சன்னலுக்கு அங்கால கதிரை போட்டுக் காலை ஆட்டிக்கிட்டு இருக்காரு. அண்ணன்ட பின்பக்கம் முன்பக்கத்தை விட நல்லாப் பாடுதாம்."

சன்னலைச் சாத்தலாம். அவனுக்குப் பயந்து சாத்தியதாக ஆகும். பலகைகளைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னேன். வித்துவானுக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்தது.

"அவனுக்குக் கேக்காமல் செய்ய ஏலாதோ?"

கிருஷாந்த் தலையைச் சொறிந்தான். "பலகையின்ரை ஓரம் அவையின்ரை பக்கம் பாக்கிற மாதிரித் திருப்பலாம். ஓரத்திலை முன் சத்தமும் பின் சத்தமும் ஒண்டையொண்டு வெட்டிப்போடும். ஆனா அப்பா…"

"திருப்பு."

திருப்பினான். சிவகுருநாதன் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டதாக ஆமினா உம்மா அடுத்த நாள் சொன்னார். அன்றைக்கு எனக்கு இரண்டு இடியப்பம் கூடுதலாக இறங்கியது.

ஆனால் பலகைக்கு இரண்டு ஓரங்கள். மற்ற ஓரத்துக்கு நேரே என் கதிரையில் நான் இருக்கிறேன். நாதஸ்வரம் ஒரு பக்கம் குசினிக்குள் முழங்குகிறது, மறுபக்கம் றோட்டில் முழங்குகிறது. ஓட்டோக்காரர்கள் நிறுத்திக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு மட்டும் எங்கோ அடுத்த ஊர்த் திருவிழாப் போல.

"குசினிக்கை வந்து இருங்கோவன்," என்றாள் மனைவி தங்கரத்தினம், தேங்காய் துருவியபடி.

"நானோ? குசினிக்கையோ?"

"அப்ப அந்தக் கதிரையையாவது தள்ளிப் போடுங்கோ. அது என்ன மூலஸ்தானமே?"

அது என் அப்பா இருந்த இடம். நான் நகர்ந்தால், என்னைச் சிவகுருநாதன் நகர்த்தியதாக ஆகும்.

இப்போது ஓர் ஒழுங்கு செய்திருக்கிறேன். பாட்டு மாறும்போதெல்லாம் மருமகள் நிரோஜினி குசினியிலிருந்து வந்து, "மாமா, இப்ப தோடி போகுது," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் அதற்கேற்றபடி தலையை ஆட்டுகிறேன்.