பேய்க்காசு

கடைப்பலகையில் பத்துப் பதினைந்து போன்கள் சார்ஜில் கிடந்தன. மனைவி அக்கேயோவின் போனை வாங்கிப் போக வந்த ஓலோ, வழக்கம்போல வரிசையைச் சீண்டிக்கொண்டிருந்தான். ஏழைக் குடும்பங்களுக்கு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் போனில் அனுப்புகிற மாதப் பணம் அன்றைக்கு வரும். அதை எடுக்கத்தான் கூட்டம். தம்பி ஓபாட்டும் நின்றிருந்தான்.

"சும்மா எவனாவது காசு குடுப்பானாய்யா? பேய்க்காசு! ஒருநாள் ஏரியிலேர்ந்து பாம்பு வந்து, 'குடு உன் புள்ளைய'ன்னு நிக்கும். என் வீட்டுக்கு என் வலை கஞ்சி ஊத்துது, போதும்" என்றான் ஓலோ.

பதிவு செய்ய வந்தவர்களை வாசலோடு விரட்டியவன் அவன். அந்தப் பணத்தில் ஓபாட் தகரக்கூரை போட்டபோது, தம்பி மனைவி நீட்டிய தண்ணீர்க் குவளையை ஊர் பார்க்கத் தரையில் கவிழ்த்துவிட்டு வந்தான். ஒரு வருஷமாக அந்தப் படி ஏறவில்லை.

அக்கேயோவின் போன் கிணுகிணுத்தது. கடைக்குப் புதிதாக வந்திருந்த மில்ட்ரெட் எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வீட்டுக்கும் வந்துடுச்சு! இதோ, பன்னெண்டு மாசமா வரிசையா வந்திருக்கே. எடுத்துத் தரவா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அட, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

"போனை மட்டும் குடும்மா" என்றான் ஓபாட், மெதுவாக.

வீட்டில் அக்கேயோ சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். ஓலோ போனை அவள் பக்கத்தில் வைத்தான்.

"இந்த மாவு?"

அவள் நிமிரவில்லை. "அதுலதான்."

"பெரிலோட பள்ளிக்கூட ஃபீஸு? மீன் வித்த காசுன்னு சொன்னியேடி!"

"மீன் எங்க இருந்துச்சு, பெரில் அப்பா? பாதி நாள் வெறும் வலையோடதானே வந்தீங்க. உங்க தம்பி வீட்டுல வச்சுப் பேரு பதிஞ்சுக்கிட்டேன். அண்ணன் காதுக்குப் போகக் கூடாதுன்னு வீடு வீடாப் போய்க் கெஞ்சினதும் அவருதான்."

கவிழ்த்த தண்ணீர் ஓலோவின் கண்முன் வந்தது. அன்று காலையில் சாப்பிட்டதுகூட அந்தக் காசுதான். களி வெந்து முடிவதற்குள் எழுந்து நடந்தான்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓபாட்டின் தாழ்வாரத்தில், கடை வரிசையில் நின்ற அதே நாலைந்து பேர் ஒதுங்கியிருந்தார்கள். தம்பி மனைவி ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்தாள். அதே குவளை. ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"தம்பி, என்னை மன்னிச்சிடுடா."

ஓபாட் காதருகே கையைக் குவித்தான். "தகரத்துல மழை கொட்டுதுண்ணே, கேக்கல. சத்தமாச் சொல்லு."

தாழ்வாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூரை அதிர்ந்துகொண்டே இருந்தது. வெறும் குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஓலோ வாயைத் திறந்தான்.